எட்டாம் நம்பர் பஸ்ஸும் ஏழாம்பனையின் கருத்தும்

ஏழாம்பனை என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பனைமரங்கள் ஆறு. ஏழாவது எங்கே என்று நீங்கள் கேட்டால், ஊர்க்காரர்கள் உங்களையும் கூட்டிக்கொண்டு தேடக் கிளம்பிவிடுவார்கள். அதனால் கேட்காமல் இருப்பது நல்லது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். சொன்னதற்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க மாட்டார்கள், இந்தப் பக்கமும் வைக்க மாட்டார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

எட்டாம் நம்பர் பஸ் அந்த ஊரின் நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு மேலக்கரை டவுனுக்குப் போகும். ஆனால் நிற்காது. முன்பக்கம் போனால் அடுத்த நிறுத்தம் ஏழு கிலோமீட்டர். பின்பக்கம் போனால் ஓடைப்பாலம், நாலு கிலோமீட்டர். நாலு ஏழைவிடக் குறைவு என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆகவே டவுனுக்குப் போகிறவர்கள் டவுனுக்கு முதுகைக் காட்டி ஓடைப்பாலத்துக்கு நடப்பார்கள். அங்கே பஸ் ஏறி, தங்கள் ஊர் வழியாகவே திரும்பி வருவார்கள். ஏழாம்பனையைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகத் தங்கள் வீட்டை எட்டிப்பார்த்து, கதவைச் சாத்தியிருக்கிறோமா என்று சரிபார்த்துக்கொள்வார்கள். இதை ஒரு வசதியாகவே சொல்வார்கள்.

முப்பிடாதிக்கு மட்டும் அது வசதியாக இல்லை. அவள் கீரை விற்கிறவள். விடியற்காலையில் பறித்த கீரை, தலைச்சுமையாக நாலு கிலோமீட்டர் போய், பஸ் ஏறி, அதே கீரைப்பாத்தியைத் தாண்டி டவுனுக்குப் போவதற்குள் கழுத்து ஒடிந்த கோழி மாதிரி தொங்கிவிடும். வாடிய கீரையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வெயிலில் உட்கார்ந்து கெஞ்சித்தான் விற்க வேண்டும். பஸ் ஊரில் நின்றால் போதும், வேறு எந்தச் சாமியிடமும் வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. ஏழாம்பனையில் பஸ் நிறுத்தம் வேண்டுமா என்று முடிவு செய்யக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அடுத்த மாதம் பத்தாம் தேதி அதிகாரி வருவார். பொதுமக்கள் தங்கள் கருத்தை நேரில் தெரிவிக்கலாம். அதிகாரி வடக்கிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் இன்னும் பழகவில்லை, ஆகவே ஆங்கிலத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கடிதத்தைச் சங்கரபாண்டி அண்ணாச்சி மூன்று தடவை சத்தமாக வாசித்தார். ஊரில் கனமான குரல் அவருக்குத்தான். வாசித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"நம்மூர்ல யாருகிட்டயாவது கருத்து இருக்கா?"

எல்லாரும் சட்டைப்பையையும் மடியையும் தடவிப் பார்த்தார்கள். தையல்காரர் இசக்கி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எம் மச்சினன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு அண்ணாச்சி. திருப்பூருக்குப் போகும்போது அதையும் கொண்டுட்டுப் போயிட்டான்" என்றார்.

எனவே கருத்துச் சொல்லக் கற்றுக்கொண்டு வர நாலு பேரை அனுப்புவது என்று முடிவானது. தலைமைக்கு அண்ணாச்சி. அளந்து பேசுவார் என்பதால் இசக்கி. கையில் வேலை இல்லாததால் சைக்கிள் கடை நயினார். அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றதால் முப்பிடாதி.

மேலக்கரை பஜாரில் மாவு மில்லுக்கு மேல் ஒரு அறை. அங்கே ஜெசிந்தா டீச்சர் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்புத் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் பெஞ்சுகளுக்குத்தான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் முதலாக நாலு பேர் படியேறி வந்ததைப் பார்த்ததும் அவருக்கு நாற்காலியை எங்கே போடுவது என்றே தெரியவில்லை. முப்பிடாதியை அடையாளம் தெரிந்தது. சந்தையில் தினமும் அவளிடம் வாடிய கீரை வாங்குகிறவர் அவர்தான்.

மொழி கற்பவர்கள் வாயைத் திறக்க வேண்டும், அதற்குக் கலந்துரையாடல்தான் வழி என்று டீச்சர் படித்திருந்தார். நாலைந்து நாள் ஆங்கில வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்த பிறகு, லேசான கேள்வியாகத் தொடங்கினார். காபி நல்லதா, டீ நல்லதா, உங்கள் கருத்து என்ன.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ, அதையே எங்க நாலு பேருக்கும் போட்டுருங்க டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டு, கருத்து என்பது அவரவருக்குள்ளேயே இருக்கும், வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் கிடைக்கும் என்றார். அதைக் கேட்டதும் நாலு பேரும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் வந்து, தேடிப் பார்த்ததில் அண்ணாச்சி வீட்டில் காபிப்பொடியும் இசக்கி வீட்டில் டீத்தூளும் கிடைத்ததாகச் சொன்னார்கள். நயினார் வீட்டில் இரண்டும் இல்லை. முப்பிடாதி தேட நேரமில்லாமல் கீரை பறிக்கப் போய்விட்டாள்.

டீச்சர் மனம் தளரவில்லை. கருத்து என்றால் காரணம் வேண்டும் என்று விளக்கினார். ஒவ்வொரு கருத்துக்கும் இரண்டு காரணம், ஒரு உதாரணம். அது இல்லாமல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அன்றைக்கு மதியம் இசக்கியின் மனைவி குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இசக்கி கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றார். உப்புக் குறைவு என்பது தன் கருத்து என்றார். முதல் காரணம், நாக்கு அப்படிச் சொல்கிறது. இரண்டாவது காரணம், உப்பு ஜாடி நேற்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது. பிறகு உதாரணம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் குழம்பைச் சட்டியோடு தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தார். அந்த வீட்டுக்காரர்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து இசக்கி வீட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. படிப்பினால் வீட்டில் மரியாதை கூடிவிட்டது என்று அவர் சொன்னார்.

அடுத்து டஸ்டர் வந்தது. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் டீச்சர் கரும்பலகை துடைக்கிற டஸ்டரை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்தார். இது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். டஸ்டர் கைக்கு வந்ததும், முன்னால் பேசியவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் கட்டாயம் மறுத்துப் பேச வேண்டும், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் அது கலந்துரையாடலே இல்லை. இதை வீட்டிலும் பழகுங்கள் என்று சொல்லி டஸ்டரையும் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நயினாரின் சைக்கிள் கடை முன்னால் உட்கார்ந்து பழகினார்கள். எதிரே அண்ணாச்சியின் வைக்கோல் போர். டஸ்டர் அண்ணாச்சியின் கையில் இருந்தது. நம்மூரில் இதுவரைக்கும் ஒரு விபத்தும் நடந்ததில்லை என்பது அவருடைய கருத்து. முதல் காரணத்தில் இருந்தார். அப்போது அவருக்குப் பின்னால் வைக்கோல் போரின் மூலையிலிருந்து புகை வந்தது.

இசக்கி அதைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார். அண்ணாச்சி தலையசைத்துவிட்டு இரண்டாவது காரணத்துக்குப் போனார். இசக்கி இன்னொரு கையையும் தூக்கினார். அண்ணாச்சி உதாரணம் சொன்னார். உதாரணம் கொஞ்சம் நீளம். முடித்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டஸ்டரைக் கொடுத்தார்.

"முதல்ல அண்ணாச்சிக்கு நன்றி" என்றார் இசக்கி. "அருமையாப் பேசினாவ. அண்ணாச்சியோட வைக்கோல் போர் எரியுதுங்கிறது என்னோட கருத்து. முதல் காரணம், புகை வருது. ரெண்டாவது காரணம், தீ தெரியுது. உதாரணம், போன வருசம் ஓடைப்பாலத்துல எரிஞ்ச போர். அதுவும் இப்படித்தான் எரிஞ்சுது."

நயினார் கையைத் தூக்கி டஸ்டரை வாங்கிக்கொண்டார். யாராவது மறுத்தாக வேண்டும் அல்லவா.

"இசக்கியண்ணன் கருத்தை நான் மதிக்கேன். ஆனா ஒத்துக்கலை. அது மார்கழிப் பனி."

அது சித்திரை மாதம். ஆனால் அதைச் சொல்ல யார் கையிலும் டஸ்டர் இல்லை. நயினார் இரண்டு காரணமும் ஒரு உதாரணமும் சொல்லி முடித்து அண்ணாச்சியிடம் டஸ்டரைத் திருப்பிக் கொடுத்தார். அண்ணாச்சி எழுந்து இருவருக்கும் நன்றி சொல்லி, எரிகிறது என்று ஒரு கருத்தும் எரியவில்லை என்று ஒரு கருத்தும் வந்திருக்கிறது, போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். போய்ப் பார்த்தபோது கையளவு சாம்பல் இருந்தது. எதுவும் எரியவில்லை. நயினார் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். இசக்கி பெருந்தன்மையாகக் கைகொடுத்தார்.

மூன்றாவது வாரம் டீச்சர் பெரிய பயிற்சியைத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். ஒன்று வந்தவர்கள் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும். அவர்கள் 'ஐ அக்ரீ' என்று ஆதரித்துப் பேச வேண்டும். இரண்டு வந்தவர்கள் கதவுப் பக்கம் நின்று 'ஐ டிஸக்ரீ' என்று எதிர்த்துப் பேச வேண்டும். தலைப்பு, கைபேசி நல்லது.

முப்பிடாதிக்கு இரண்டு வந்தது. தனக்குக் கைபேசி பிடிக்குமே, என்ன செய்வது என்று கேட்டாள்.

"உங்களுக்குப் பிடிக்குதா இல்லையாங்கிறது இங்கே முக்கியமில்லை முப்பிடாதி. உங்க பக்கத்துக்காக முழு மனசோட பேசணும். நான் 'டிஸ்கஷன் ஓவர், தேங்க்யூ, சிட் டவுன்'னு சொல்ற வரைக்கும் யாரும் பக்கம் மாறக் கூடாது."

இதை டீச்சர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சொல்லி முடித்தபோது கீழே மாவு மில்காரர் கூப்பிட்டார். ஒரு நிமிடத்தில் வருவதாக இறங்கியவர், மில்காரரின் மகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, அப்படியே மறந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குத் திடுக்கிட்டு ஓடி வந்தார். நாலு பேரும் இரண்டு சுவரோரமும் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்குக் குரல் போயிருந்தது. முப்பிடாதி தன் கைபேசியைத் திட்டிக் கண்கலங்கியிருந்தாள். டீச்சர் பதறிப்போய் அந்த மூன்று வார்த்தையையும் சொன்னதும் நாலு பேரும் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்கள்.

அவர்களைப் போல மாணவர்கள் கிடைக்க மாட்டார்கள் என்று டீச்சருக்கு அப்போது தோன்றியது. உண்மையும் அதுதான்.

பத்தாம் தேதிக்குள் நாலு பேரும் தாங்கள் கற்றதை ஊர் முழுவதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கருத்து வேண்டும், இரண்டு காரணம் வேண்டும், உதாரணம் வேண்டும், எதிர்க்கப் பாதிப்பேர் வேண்டும். ரோட்டோரம் பந்தல் போட்டு, அதிகாரிக்கு நாற்காலியும் இளநீரும் வைத்தார்கள். நூறு பேர் கூடினார்கள் என்று சொல்கிறார்கள். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டார், இந்த ஊரில் பஸ் நிற்க வேண்டுமா?

உடனே ஒரு மூலையிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. அதிகாரி ஆட்களை எண்ணுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் பொறுமையாக இருந்தார். முப்பிடாதி தனக்கு முன்னால் நின்றவர்களைப் பதற்றத்தோடு எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் முறை வந்தது.

இரண்டு.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, நான் மட்டும் ஒண்ணுல நின்னுக்கிடுதேன். என் பொழப்பே இதுலதான் இருக்கு."

அண்ணாச்சிக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "வந்த நம்பர் வந்ததுதான் தாயி. நீ மாறினா உனக்குப் பின்னால நிக்கிற எல்லாரும் மாறணும். அம்பது பேரைக் கலைக்கச் சொல்லுதியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றாள். ஒன்று வந்தவர்கள் கிழக்கே, இரண்டு வந்தவர்கள் மேற்கே, நடுவில் அதிகாரி.

ஆதரித்துப் பேச அண்ணாச்சி எழுந்தார். டஸ்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பஸ் நிற்க வேண்டும் என்பது தன் கருத்து என்றார். முதல் காரணம், பஸ்ஸுக்குப் பிரேக் இருக்கிறது. இரண்டாவது காரணம், மற்ற ஊர்களில் நிற்கிறது. உதாரணத்துக்கு ஒரு பஸ்ஸைச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது ஒரே பஸ்தான். "உதாரணம், எட்டாம் நம்பர் பஸ்" என்றார். பிறகு நேர்மையான மனிதர் என்பதால், "அது நிற்பதில்லை" என்பதையும் சேர்த்துக்கொண்டார். கிழக்குப் பக்கம் கைதட்டியது.

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். டஸ்டர் முப்பிடாதியின் கைக்குப் போனது.

அவள் பேசிய ஆங்கிலம் அதிகாரிக்குப் புரிந்தது என்பதே பெரிய விஷயம். பொருளை மட்டும் இங்கே தருகிறேன். பஸ் இங்கே நிற்கக் கூடாது என்றாள். முதல் காரணம், நான் தினமும் கூடையோடு நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், பஸ் நின்றால் அந்த நடை போய்விடும். இரண்டாவது காரணம், கீரை பச்சையாகப் போய்ச் சேர்ந்தால் எட்டு மணிக்கே தீர்ந்துவிடும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்து நான் யாரிடம் கெஞ்சுவேன்? பிறகு கூடையிலிருந்து ஒரு கீரைக்கட்டை எடுத்து உயரத் தூக்கினாள். கூட்டம் தொடங்கி நேரமாகிவிட்டதால் அது ஈரத்துணி மாதிரி அவள் கையின் இரண்டு பக்கமும் தொங்கியது.

"உதாரணம், இது. பஸ் நின்றால் இந்த மாதிரிக் கீரையை அப்புறம் யாருக்கும் பார்க்கவே கிடைக்காது."

கடைசியில் அவள் குரல் தடுமாறிவிட்டது. முழு மனசோடு பேசுவது லேசான காரியம் இல்லை. மேற்குப் பக்கம் ஐம்பது பேரும் 'ஐ டிஸக்ரீ' என்று முழங்கினார்கள். அதில் பாதிப்பேர் அன்று காலையில் டவுனிலிருந்து வந்து, ஓடைப்பாலத்தில் இறங்கி நடந்து வந்தவர்கள்.

அதிகாரி அந்தக் கீரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினார். ஏழாம்பனையில் பஸ் நிற்கும். எழுந்து, "ஓகே, தேங்க்யூ" என்று கும்பிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பின் புழுதி அடங்கியது. யாரும் நகரவில்லை. நயினார்தான் முதலில் கையைத் தூக்கினார்.

"தேங்க்யூ சொன்னாரு. சிட் டவுன் சொல்லலையே?"

பெரிய ஆலோசனை நடந்தது. மூன்று வார்த்தைகளில் ஒன்றை மட்டும் சொல்லியிருப்பதால் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது என்று இசக்கி கணக்கிட்டார். மீதி இரண்டு பங்கை முடிக்க அதிகாரி வேண்டும், இல்லையென்றால் டீச்சர் வேண்டும். அதிகாரி போய்விட்டார். டீச்சர் டவுனில் இருக்கிறார். அதனால் கலந்துரையாடல் நடந்துகொண்டிருக்கிறது என்று அண்ணாச்சி அறிவித்தார். கால் வலித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், ஆனால் பக்கம் மாறக் கூடாது.

அடுத்த திங்கட்கிழமை கம்பம் நட்டு, ஊர்ப்பெயர் எழுதிய பலகை மாட்டினார்கள். எட்டாம் நம்பர் பஸ் வந்து நின்றது. ஒன்றாம் நம்பர்க்காரர்கள் மாலை போட்டு, சந்தோஷமாக ஏறிக்கொண்டார்கள். இரண்டாம் நம்பர்க்காரர்கள் ரோட்டின் மேற்கே வரிசையாக நின்று எதிர்த்தார்கள்.

கண்டக்டர் கீழே எட்டிப்பார்த்து, ஏறவில்லையா என்று கேட்டார். முப்பிடாதி கூடையை இறக்கிவைத்துவிட்டு, இந்தப் பஸ் இங்கே நின்றிருக்கக் கூடாது என்பதற்கு இரண்டு காரணமும் ஒரு உதாரணமும் சொன்னாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பாலத்துக்கு நடந்தாள். அடுத்த எட்டாம் நம்பரில் ஏறினாள். அது ஏழாம்பனையில் அவள் கீரைப்பாத்தியை ஒட்டியே வந்து நின்றது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர்ப்பான முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேயே ஏறியிருக்கலாமேம்மா" என்றார் கண்டக்டர்.

"ஏறலாம்தான். எனக்கு ரெண்டு வந்துட்டே" என்றாள் அவள்.

இப்படியே பன்னிரண்டு நாள் ஓடியது. கீரை முன்பைவிட அதிகமாக வாடியது. இப்போது நடப்பதற்கு முன்னால் காரணம் சொல்வதற்கு வேறு நேரம் பிடித்தது அல்லவா. பதின்மூன்றாம் நாள் சந்தையில் ஜெசிந்தா டீச்சர் கீரைக்கட்டைக் கையில் எடுத்தார். இலையெல்லாம் உதிர்ந்து தண்டு மட்டும் கையோடு வந்தது. பஸ்தான் நிற்கிறதே, இன்னும் ஏன் இப்படி என்று கேட்டார். முப்பிடாதி நடந்ததைச் சொன்னாள். டீச்சர் கேட்டுக்கொண்டே போய்ப் பக்கத்துக் கடையின் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பவே சொல்லிடறேன் முப்பிடாதி. டிஸ்கஷன்..."

முப்பிடாதி சட்டென்று கையைத் தூக்கித் தடுத்தாள். எனக்கு மட்டும் முடிந்தால் போதாது டீச்சர், அங்கே ஐம்பது பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள், எல்லாரும் இருக்கும்போது வந்து சொல்லுங்கள் என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வருவதாக டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

சொன்னபடி வந்தார். டவுனுக்குப் போகிற பஸ்ஸுக்குத்தான் ஊரே கூடும் என்பதால் ஓடைப்பாலம் வரைக்கும் போய், அங்கிருந்து டவுனுக்குத் திரும்புகிற எட்டாம் நம்பரில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஏழாம்பனையில் நின்றபோது உள்ளே நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். கிழக்கே ஒன்றாம் நம்பர்க்காரர்கள் ஏறத் தயாராக நின்றார்கள். மேற்கே இரண்டாம் நம்பர்க்காரர்கள் எதிர்க்கத் தயாராக நின்றார்கள். முப்பிடாதியின் கூடையில் அப்போதுதான் பறித்த கீரை, பனித்துளியோடு.

டீச்சர் இறங்கினார். அவரைப் பார்த்ததும் ஊரே அவரைச் சுற்றிக் கூடிவிட்டது. அண்ணாச்சி மரியாதையாக டஸ்டரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். பஸ்ஸுக்கு முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் ஆட்கள். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"டிஸ்கஷன் ஓவர். தேங்க்யூ. சிட் டவுன்."

நூறு பேரும் உட்கார்ந்தார்கள். நின்ற இடத்திலேயே.

டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்கு முன்னால் சம்மணம் போட்டிருந்த இசக்கி, சத்தம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அதற்கு இரண்டு காரணம் கொடுத்தார். டீச்சர் எழுந்திருக்கச் சொன்னார். அண்ணாச்சி உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்.

"எந்திரிச்சு எந்தப் பக்கம் நிக்கணும் டீச்சர்?"

எந்தப் பக்கமும் இல்லை, சும்மா எழுந்து போங்கள் என்றார் டீச்சர். பக்கம் இல்லாமல் எப்படி நிற்பது என்பது பற்றி அவர்களுக்குள் பேச்சுத் தொடங்கியது. டஸ்டர் ஒவ்வொரு கையாகச் சுற்றியது. நூறு பேர், ஆளுக்கு இரண்டு காரணம், ஒரு உதாரணம்.

பஸ்ஸில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் திட்டினார்கள். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். கீழே ஒரு கூடை நிறையப் பச்சைப்பசேலென்று கீரை. ஒரு அம்மா இரண்டு கட்டு கேட்டார். பின்னால் இருந்தவர் ஐந்து கேட்டார். கண்டக்டர் தன் வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாக வாங்கிக் கொடுக்கவும் உதவினார். டிரைவர்கூட ஹாரனை விட்டுவிட்டு முளைக்கீரை இருக்கிறதா என்று விசாரித்தார். எட்டு மணி அடிக்கும்போது கூடை காலி. முப்பிடாதி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு இலைகூட வாடவில்லை.

அவள் காலிக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள். டஸ்டர் அவளிடம் வந்தது.

"டீச்சர், இது எனக்கு நம்பர் போட்டுக் கொடுத்தது இல்லை. எனக்குள்ளயே இருந்து வந்தது" என்றாள். "பஸ் இங்க நிக்கணும்கிறதுதான் என் கருத்து. ஆனா கிளம்பக் கூடாது."

முதல் காரணம், நடக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம், ஏறவும் வேண்டியதில்லை. உதாரணமாகக் காலிக் கூடையைத் தூக்கிக் காட்டினாள்.

ஏழாம்பனை வரலாற்றில் முதல் தடவையாக ஒன்றாம் நம்பர்க்காரர்களும் இரண்டாம் நம்பர்க்காரர்களும் ஒரே குரலில் 'ஐ அக்ரீ' என்றார்கள். அண்ணாச்சி மட்டும், எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் அது கலந்துரையாடலே இல்லை என்று நினைவுபடுத்தி, யாராவது எழுந்து மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

டிரைவர் கையைத் தூக்கினார். டஸ்டர் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.